ஞாயிற்றுக்கிழமை சாட்சி

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். முதலிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்தும், அம்மாவுக்குப் போட்ட நாலு கார்டும்தான். ஞாபகமும் இப்போது சல்லடை மாதிரி ஆகிவிட்டது. மாவு விழுந்துவிடுகிறது, தவிடு நிற்கிறது. நன்றிக் கூட்டத்துக்காரர்கள் மலர் ஒன்று போடப்போகிறார்களாம். பழைய ஆட்கள் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள் என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எனக்கொன்றும் தெரியாது என்றேன். "நீங்கதானம்மா மொத வருஷம் மேடையில பேசனது?" என்றார்கள். பேசியது நான்தான். என்னை அதற்குமுன் மேடையில் பார்த்தவர்கள் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. அது எப்படி நடந்தது என்பதை எழுதிவிடுகிறேன்.

அந்தக் கூட்டத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்கராபுரத்தில் அறுவடை முடிந்த கையோடு அது நடக்கும். சர்ச்சு, பள்ளிவாசல், மாரியம்மன் கோயில் மூன்று இடத்துப் பெரியவர்களும் சேர்ந்து ஒரே பந்தல் போடுவார்கள். அவரவர் சாமிக்கு அவரவர் வழியில் நன்றி சொல்வார்கள். நன்மை கண்டவர்கள் நாலைந்து பேர் மேடை ஏறித் தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். அப்புறம் ஏலம். வீட்டில் விளைந்ததை ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருப்பார்கள். பூசணிக்காய், கரும்புக் கட்டு, கால் கட்டிய கோழி, ஒரு தட்டு முறுக்கு என்று எதுவும் இருக்கும். எட்டணாப் பூசணிக்காயைப் பத்து ரூபாய்க்கு எடுத்துவிட்டு ஆட்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். பணம் முழுக்க தர்மத்துக்கு. முதல் வருஷத்துப் பணம், கல்வராயன் மலையிலிருந்து பிரசவத்துக்கு இறங்கி வருகிற பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்குவதற்கு ஒரு கொட்டகை போட என்று முடிவாகியிருந்தது.

மேடையில் ஏறி அப்படிச் சொல்வதற்கு சர்ச்சுக்காரர்கள் வழக்கத்தில் சாட்சி சொல்வது என்று பெயர். அது எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் சாட்சி என்றால் கோர்ட்டு. கோர்ட்டு இல்லையென்றால் போலீஸ்.

எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டுக்கும் சங்கராபுரத்துக்கும் நடுவில். கரும்பு வைத்திருந்தோம், சொந்தம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம். அப்போது தென்னாற்காடு ஜில்லா. கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூருக்குப் போகணும். எங்களில் யாரும் பார்க்கப் போனதில்லை. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மாமியார், கைப்பிள்ளை. மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன். கெட்ட மனுஷி இல்லை, வாய்தான் பெரிசு. எனக்கு வாயே கிடையாது. அதனால் இரண்டு பேருக்கும் சண்டை வந்ததே இல்லை. அவர் பேசிக்கொண்டே இருப்பார், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்தக் கூட்டத்துக்கு முந்தின வருஷம், கரும்பு வெட்டுகிற நேரத்தில் எனக்குப் பிரசவம் வந்தது. வலி இரண்டு நாள் இழுத்தது. வெல்லம் ஏற்ற வந்திருந்த மண்டி பாய் தன் வேனிலேயே என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சங்கராபுரத்துக்கு விட்டார். வெல்ல மூட்டைகளுக்கு நடுவில் படுத்துப் போனேன். இன்றைக்கும் புது வெல்ல வாசனை வந்தால் எனக்கு இடுப்பு வலிக்கிற மாதிரி இருக்கும். சர்ச்சுக்காரர்கள் நடத்தின சின்ன ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள்.

பிள்ளை பிறந்ததும் எனக்கு ஜுரம் பிடித்துக்கொண்டது. நாலு நாள் சரியாகக் கண்ணைத் திறக்க முடியவில்லை, பாலும் இறங்கவில்லை. அத்தைக்கு ஊரில் வெட்டாட்களுக்குச் சோறு பொங்கிப் போட வேண்டும். ஒரு பால் பவுடர் டப்பா வாங்கி என் தலைமாட்டில் வைத்துவிட்டு, "இத கலக்கி ஊத்தச் சொல்லு" என்று முதல் நாளே கிளம்பிவிட்டார். வீட்டுக்காரரும் கரும்பு வண்டி ஓட்டப் போய்விட்டார்.

அந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண் இருந்தாள். அவளுக்கும் இரண்டு நாள் முந்தித்தான் பிள்ளை பிறந்திருந்தது. என் பிள்ளை கத்தின கத்தலைக் கேட்டு, யாரும் சொல்லாமலே கையை நீட்டினாளாம். "இங்க குடுங்க. இது ஒரு பக்கம், அது ஒரு பக்கம்" என்றாளாம். நாலு நாளும் என் பிள்ளை அவளிடம்தான் குடித்தது. நான் பார்த்ததெல்லாம் ஜுரத்தோடு பார்த்ததுதான். அவள் முகம்கூடச் சரியாக மனசில் நிற்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டுக்கொண்டு கால்களை நீட்டி உட்கார்ந்திருப்பாள், அதுதான் நிற்கிறது.

ஐந்தாம் நாள் காலையில் எனக்கும் பால் இறங்கியது, அவளும் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். திறக்காத டப்பாவை நான்தான் எடுத்து அவள் மூட்டையில் வைத்தேன். மத்தியானம் அத்தை வந்து பேத்தியைத் தூக்கிப் பார்த்தார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது.

"பாத்தியா? டப்பாப் பாலு எப்படிச் சேந்துகிச்சு பாரு. டப்பா எங்க?"

"காலியாயிடுச்சுங்க அத்தை."

இந்த ஒரு பொய்தான் நான் அத்தையிடம் சொன்னது. சொன்னதற்குக் காரணம் உண்டு. மலைக்காரர்கள் தேனும் கடுக்காயும் விற்க எங்கள் தெருவுக்கு வருவார்கள். அத்தை அவர்களை மாட்டுக் கொட்டகைக்கு இந்தப் பக்கம் விடமாட்டார். தண்ணீர் கேட்டால் சொம்பை உயரத் தூக்கி அவர்கள் கையில் ஊற்றுவார். தேன் மட்டும் வீட்டுக்குள் வரும். அப்படிப்பட்டவரிடம், உங்கள் பேத்தி மலைக்காரப் பெண்ணின் பால் குடித்துத்தான் பிழைத்தது என்று எப்படிச் சொல்வது? பிள்ளையையே கொட்டகைப் பக்கம் வைத்துவிடுவாரோ என்று எனக்கு அந்த வயசில் நிஜமாகவே பயம்.

அத்தையோ ஊர் பூராவும் டப்பாப் பால் புராணம் பாடினார். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். "எம் பேத்திய பாருங்கடி, பூசணிக்கா கணக்கா இருக்கா. எல்லாம் டப்பா." அவர் பேச்சைக் கேட்டு மூன்று வீட்டில் டப்பா வாங்கினார்கள். ஒரு வீட்டில் பிள்ளைக்குச் சேரவே இல்லை. "அவளுக்குக் கலக்கத் தெரியல" என்றுவிட்டார் அத்தை. ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

புளி என்றதும் புளியமரத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் நிலத்துக்கும் பங்காளி நிலத்துக்கும் நடு வரப்பில் ஒரு புளியமரம் நின்றது. பங்காளி என்றால் என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகன். மரம் எங்களுடையது என்று இவர்கள், இல்லை எங்களுடையது என்று அவர்கள். தாலுக்கா ஆபீசில் மனு கொடுத்து மூன்று வருஷமாகியிருந்தது. மூன்று வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு நாள் காலையில் பஸ் நிற்கிற இடத்தில் ஊரே நின்றுகொண்டிருந்தது. பஸ் வந்தது, ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், உன் வூட்டுக்காரிய ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு சங்கராபுரத்துல சாட்சி சொல்ல வரச் சொன்னாங்க! தாலுக்கா ஆபீசு பக்கத்துல! கண்டிப்பா வரணுமாம், புள்ளையையும் இட்டுக்கினு!"

"யாரு சொன்னாங்க?" என்று இவர் கேட்பதற்குள் பஸ் போய்விட்டது. பங்காளியும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாராம். அவர் முகம் சுண்டிப்போயிற்று என்று வீட்டுக்கு வந்து இவர் ஆனந்தமாகச் சொன்னார். அப்புறம்தான் இவருக்கே சந்தேகம் வந்தது.

"ஞாயித்துக்கெழம ஏது ஆபீசு?"

எங்கள் ஊர் டீக்கடைக்காரர் சட்டம் தெரிந்தவர். யாருக்காவது வழக்கு என்றால் கூடப் போய் வந்து, கோர்ட்டு வராந்தாவிலேயே எல்லாம் கற்றுக்கொண்டவர். அவர் வந்து தீர்ப்புச் சொன்னார். "விசாரணைன்னு வந்துட்டா ஞாயிறு இன்னா, திங்கள் இன்னா? பொம்பள சாட்சிய தனியா கூப்டு கேப்பாங்க. அதுக்குத்தான் லீவு நாளு."

"புள்ள எதுக்காம்?" என்றார் அத்தை.

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "பொய் சொன்னா புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க."

கடைக்குப் போனால்கூட வேண்டியதை விரலால் காட்டி வாங்குகிறவள் நான். தாசில்தார் முன்னால் நின்று என்ன பேசுவேன்? அத்தை விடவில்லை. தினமும் சாயங்காலம் டீக்கடைக்காரர் வந்து தாசில்தார் மாதிரிக் காலை ஆட்டிக்கொண்டு கட்டிலில் உட்காருவார். நான் முந்தானையைக் கசக்கிக்கொண்டு எதிரே நிற்பேன்.

"மொதல்ல இன்னா சொல்லணும்?"

"நான் சொல்வதெல்லாம் உண்மை. உண்மையைத் தவிர வேறில்லை."

"சத்தமா."

"சொல்வதெல்லாம்..."

"எருமைக்குக் கூட கேக்கல. சத்தமாடி!" என்பார் அத்தை.

எருமைக்குக் கேட்கிறதா என்று நானே பார்த்துவிட்டேன். பால் கறக்கும்போது அதனிடம் சொல்லிப் பழகினேன். நான் சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை, புளியமரம் எங்கள் மாமனார் வைத்தது. பிசகாமல் வந்துவிட்டது. எருமையும் ஆட்சேபிக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு அதிசயம் நடந்தது. மூன்று வருஷம் முகம் திருப்பிக்கொண்டு போன பங்காளி பெண்சாதி, ஒரு சட்டி மீன் குழம்போடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். "ஆத்து மீனு. ஜாஸ்தியா கெடச்சுது, அதான்" என்றாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துச் சொல்லுடிம்மா, புள்ளகுட்டிக்காரங்க நாங்க" என்றாள். குழம்பை அத்தைதான் முதலில் தொட்டார். "கேசு வேற, மீனு வேற" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏறின பஸ்ஸிலேயே பங்காளியும் அவர் பெண்சாதியும் ஏறினார்கள். அத்தை வழக்குச் செலவுக்கென்று வெல்லம் விற்ற பணத்தை இடுப்பில் செருகியிருந்தார். இறங்கிப் பார்த்தால் தாலுக்கா ஆபீஸ் பூட்டியிருந்தது. படியில் ஒரு நாய் படுத்திருந்தது. அதற்குப் பக்கத்துத் திடலில் பெரிய பந்தல், வாழைமரம், மைக் செட்டு.

"தாசில்தாருக்கு வூட்டுல கல்யாணமாட்டம் கீது" என்றார் பங்காளி, தன்னை மறந்து எங்களிடமே.

பந்தலுக்குள்ளே வெள்ளை அங்கி போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரை எல்லாரும் ஐயர், ஐயர் என்று கூப்பிட்டார்கள். சர்ச்சில் பூசை வைக்கிறவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயருங்கறாங்க, பூணூலக் காணோமே" என்று என் காதில் சொன்னார். அதற்குள் எனக்குப் பிரசவம் பார்த்த நர்ஸம்மா எங்களைப் பார்த்து ஓடி வந்தார்.

"வந்துட்டியா! கண்டக்டரு மறந்துருவானோன்னு பயந்துகினே இருந்தேன். அடடா, புள்ள இன்னா இப்படி வளந்துட்டா! நீ இன்னிக்கி மேடையில சாட்சி சொல்லணும்."

"தாசில்தாரு எங்கங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை. இவர் புளியமரத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னதும், அவர் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சாட்சின்னா, உனுக்கு நடந்த நல்லத நாலு பேரு கேக்கச் சொல்றது. மரமுமில்ல மண்ணுமில்ல" என்றார். பங்காளி பெரிசாக ஒரு மூச்சு விட்டார். அவர் பெண்சாதி என்னைப் பார்த்து, "அப்போ எம் மீனத் திருப்பிக் குடு" என்றாள். மூன்று வருஷத்துக்கப்புறம் இரண்டு வீடும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாசில்தார் போனாலும் மேடை போகவில்லையே. "எனக்குப் பேச வராதுங்க" என்றேன்.

"பொறந்த புள்ளைங்களையே கத்த வைக்கிறவ நான். உன்னப் பேச வைக்க மாட்டனா? நாலே வார்த்த. மலைப் பொம்பளைங்களுக்குக் கொட்டாய் போடப் போறோம். ஆஸ்பத்திரியில கெடந்தவ நீ சொன்னாத்தான் சனம் ஏலத்துல கையத் தூக்கும்" என்றார் நர்ஸம்மா.

நான் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள், நன்றி. இவ்வளவு சொல்லிவிட்டு இறங்கிவிடுவது. பால் பேச்சே எடுக்கக் கூடாது. அத்தை முதல் வரிசையில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர். சாட்சி என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க அடுத்த பஸ்ஸில் வந்தவர்கள். அதில் ஒருத்தி டப்பா வாங்கினவள். பந்தலின் ஓரத்தில், நாற்காலி இருந்தும் அதில் உட்காராமல், மலைக்காரர்கள் கொஞ்சம் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் அவள் இருக்கிறாளா என்று தேடினேன். இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

முதலில் சர்ச்சில் பாடுகிற ஒரு டீச்சர் சொன்னார். அப்புறம் ஒரு வயசான பாய், கடை பற்றி எரிந்தபோது தெருவே வந்து அணைத்ததைச் சொன்னார். மூன்றாவது நான். நர்ஸம்மா என் முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டார். மைக்கைப் பார்த்ததும் என் கணக்கெல்லாம் பறந்துபோயிற்று. எருமையிடம் பழகினது மட்டும்தான் வாயில் இருந்தது.

"நான் சொல்வதெல்லாம் உண்மை. உண்மையைத் தவிர வேறில்லை" என்றேன், சத்தமாக.

பந்தலே சிரித்தது. மைக் பக்கத்தில் நின்ற மண்டி பாய், "இன்னாம்மா, நாங்க நம்பாம பூடுவோமா?" என்றார். இன்னும் சிரித்தார்கள். எதிரே அத்தை மடியில் என் பிள்ளை என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். உண்மையைத் தவிர வேறில்லை என்று அத்தனை பேர் முன்னால் சத்தியம் பண்ணியாயிற்று. மூன்று கூட்டத்துச் சாமியும் அங்கேதான் இருக்கிறது. புள்ள தலையில அடிச்சு என்று டீக்கடைக்காரர் சொன்னதும் ஞாபகம் வந்தது. இனிமேல் பாதி சொல்லிவிட்டு இறங்கக் கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"எனக்கு ஜொரம் வந்து பால் வரல. பக்கத்துக் கட்டல்ல இருந்த மலைக்கார அக்காதான் நாலு நாளும் எம் புள்ளைக்குப் பால் குடுத்தாங்க. டப்பாப் பால் குடுக்கல. அத்தைகிட்ட நான் பொய் சொல்லிட்டேன். டப்பாவ அந்த அக்காகிட்டயே குடுத்துட்டேன். இதான் உண்மை" என்றேன். அப்புறம் என்ன சொல்வதென்று தெரியாமல், "புளியமரம் பத்தி எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸம்மா கை தட்டினார், எல்லாரும் தட்டினார்கள். மலைக்காரர்கள் மட்டும், இதற்கு எதற்குக் கை தட்டுகிறார்கள் என்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டல் அடங்கினதும் டப்பா வாங்கினவள் குரல் தெளிவாகக் கேட்டது. "அப்போ இன்னா எழவுக்கு நான் காச குடுத்து டப்பா வாங்கனேன்?"

அத்தை பிள்ளையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். என்னைப் பார்க்காமல் நேரே நடந்தார். பஸ்ஸுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பிள்ளையையும் சேர்த்தா, பிள்ளை இல்லாமலா என்று அதுவரைக்கும் யோசனை போய்விட்டது.

அத்தை பந்தலை விட்டு வெளியே போகவில்லை. மலைக்காரர்கள் உட்கார்ந்திருந்த ஓரம் வரைக்கும் போனார். அங்கே நின்றார். அத்தைக்குப் பேச்சு வராமல் நின்றதை என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். அதற்குள் ஏலம் ஆரம்பித்துவிட்டது.

ஏலம் கூறினது மண்டி பாய். வெல்ல மண்டியில் கூவிக் கூவி அவருக்கு மைக்கே வேண்டாம். பூசணிக்காய் போயிற்று, கோழி போயிற்று, பாய் வீட்டிலிருந்து வந்த ஏலக்காய்ப் பொட்டலமும் போயிற்று. ஏலத்தையே ஏலம் விடுகிறார் பாய் என்று அதற்கொரு சிரிப்பு. அப்புறம் மலைக்காரர்கள் கொண்டுவந்த ஒரு சின்ன மூட்டை சாமை மேஜைக்கு வந்தது. சாமை எங்கள் பக்கத்தில் ஏழைப்பட்ட தானியம். யார் ஏலம் கேட்பார்கள்?

"அஞ்சு ரூபா!" அத்தை குரல்.

பங்காளிக்கு அது பொறுக்கவில்லை. அத்தை அவருக்குச் சின்னம்மா முறை. சின்னம்மா கேட்டால் அதில் ஏதோ இருக்கும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "ஏழு!" என்றார்.

"பத்து!"

"பன்னண்டு!"

ஒன்று மாற்றி ஒன்று ஏறிக்கொண்டே போயிற்று. பந்தலே எழுந்து நின்றுவிட்டது. "இன்னாங்க இது? சாமையா, சாமி பிரசாதமா?" என்றார் பாய்.

பங்காளி இருபத்தெட்டில் நின்றார். "சின்னம்மா, மரத்த வுட்டுக் குடு, சாமைய வுட்டுக் குடுக்கறேன்" என்றார்.

"மரமும் எனுது, சாமையும் எனுது. முப்பத்தொண்ணு!"

"ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம்!"

வழக்குச் செலவுக்குக் கொண்டுவந்த பணம் அங்கே போயிற்று. அத்தை மூட்டையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

பஸ் கிளம்பிப் பாதி தூரம் வந்ததும்தான் என்னிடம் வாயைத் திறந்தார்.

"ஒரு வருஷமா மறைச்சிருக்கியே."

"திட்டுவீங்கன்னு பயந்தேங்க அத்தை."

"திட்டித்தான் இருப்பேன்." மடியிலிருந்த சாமை மூட்டையின் முடிச்சை இறுக்கினார். "திட்டிட்டு, அவளுக்கு ஒரு பொடவையாவது எடுத்துக் குடுத்திருப்பேன். ஊர்ல அத்தினி பேர்கிட்டயும் டப்பா டப்பான்னு சொல்ல வச்சியே, அதுகூட பரவால்ல. பால் குடுத்தவள வெறுங்கையா அனுப்ப வச்சிட்டியே."

"டப்பா குடுத்தேனே அத்தை."

"பால் குடுத்தவளுக்குப் பால் டப்பாவா? நல்லா இருக்குதுடி உன் மரியாத." முன் சீட்டில் பங்காளி தோள் குலுங்கியது. அத்தை அவர் தலையில் ஒன்று வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "சரி, அவ பேரு இன்னா?"

நான் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டேன்.

"பேரக் கேக்கறேன்."

"கேக்கலீங்க அத்தை."

"நாலு நாளு! பக்கத்துப் பக்கத்துக் கட்டல்! பேரு கேக்கல?"

"ஜொரமா இருந்துச்சு. அப்புறம், கேக்க வெக்கமா இருந்துச்சு."

அத்தை அதற்குத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இன்றைக்கு வரைக்கும் அதை நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது.

மறுநாள் அத்தை அந்தச் சாமையைக் குத்திப் பொங்கி, குழைய மசித்து, முதல் வாய் பேத்திக்கு ஊட்டினார். நாங்களும் சாப்பிட்டோம். பங்காளி வீட்டுக்கு அந்த மீன் சட்டியிலேயே கொஞ்சம் போட்டு அனுப்பினார். மரத்து வழக்கு அதுபாட்டுக்கு நடந்தது. ரோடு அகலப்படுத்துகிறேன் என்று கடைசியில் சர்க்காரே மரத்தை வெட்டிக்கொண்டு போனதும் முடிந்தது.

அடுத்த சந்தைக்கு அத்தை ஒரு பச்சைப் புடவை எடுத்தார். தேன் விற்க வந்த மலைக்காரர்களை அன்று கொட்டகையில் நிறுத்தவில்லை. கூடத்தில் உட்கார வைத்தார். சொம்பைக் கையிலேயே கொடுத்தார். அவர்கள்தான் வாங்கத் தயங்கினார்கள். விவரம் சொல்லிப் புடவையைக் கொடுத்தனுப்பினார். இரண்டு மூன்று மாதம் கழித்து அந்தப் புடவை மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் சங்கடப்பட்டார்.

"அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பொம்பளைங்க எத்தினியோ பேருங்க. அடுத்தவங்க புள்ளைக்கு நான் பால் குடுத்தேன்னு நாலஞ்சு பேரு சொல்றாங்க. யாருக்குன்னு குடுக்கறது? அதான் கொண்ணாந்துட்டேன்."

"நாலஞ்சு பேரா?" என்றார் அத்தை.

"அழுதா குடுக்கறதுதானுங்க. இதுல பேரு யாரு கேட்டு வச்சிக்குவாங்க?"

கொட்டகை அடுத்த வருஷமே போட்டார்கள். ஓலைதான், ஆனால் தரை சிமெண்டு. ஒவ்வொரு வருஷமும் நன்றிக் கூட்டத்துக்கு அத்தை போவார், மலைக்காரப் பெண்கள் வந்தால் ஒவ்வொருத்தியையும் விசாரிப்பார். நர்ஸம்மாவைக் கேட்டதற்கு, வந்து போகிறவர்கள் பெயரெல்லாம் எங்கே நிற்கிறது என்றுவிட்டார். ஆள் கிடைக்கவே இல்லை. அத்தை காலமாகி ரொம்ப வருஷமாயிற்று. பச்சைப் புடவை என் பெட்டியில்தான் இருக்கிறது. என் பெண்ணே இப்போது மாமியார் ஆகிவிட்டாள். "எம் பால் அம்மா பேரு தெரியலயாம்மா உனக்கு?" என்று இப்போதும் கேட்கிறாள், கேலியாகத்தான்.

நான் எழுதினதில் முன்பின் மாறியிருக்கலாம். அது முப்பத்தொன்றா, நாற்பத்தொன்றா என்றுகூட எனக்கு இப்போது சந்தேகம். மேடையில் முதலில் பேசினது டீச்சரா, டீச்சர் தங்கையா என்பதும் நிச்சயமில்லை. பந்தல் போட்டவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அந்த ஆஸ்பத்திரியில் பிரசவ நோட்டு இருக்கும், பழசைத் தூக்கிப் போட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். கூட்டத்துக்கு முந்தின வருஷம், கரும்பு வெட்டு மாசம். என் பெயரைத் தேடுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் பிரசவமானவள், மேலே உள்ள வரிகளில் எங்கேயாவது இருப்பாள். ஊர் என்ற இடத்தில் மலை ஊர் போட்டிருக்கும். அவள் பெயரை மட்டும் யாராவது ஒரு கார்டில் எழுதி அனுப்பினால் போதும்.